இன்ஜின் கணினியைப் படிக்க: டாங்கிள் வாங்கலாமா, நாமே கட்டலாமா?

டேஷ்போர்டில் அந்த மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிய ஆரம்பித்த பிறகு பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "காரில் செருகி இன்ஜின் கணினியைப் போனில் படிக்க ஐநூறு ரூபாய்க்கு ப்ளூடூத் டாங்கிள் கிடைக்கிறது. பத்தாயிரத்துக்கும் ஒன்று இருக்கிறது. இன்னொருவர் ஆயிரம் ரூபாய் சாமானில் தானே கட்டிவிட்டதாகச் சொல்கிறார். நான் எதைச் செய்ய?" கையில் சால்டரிங் அயன் பிடித்துப் பழகியவராக இருந்தால் மனசு மூன்றாவது பக்கம்தான் சாயும். எனக்கும் சாய்ந்தது. மூன்று வழியிலும் போய்ப் பார்த்துவிட்டேன். அதிலும் கட்டுகிற வழியில் இரண்டு தடவை. நிறைய ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காசு மிச்சமாகும் என்று நினைத்து இதைக் கட்டாதீர்கள், மிச்சமாகாது. கட்டுவதற்கு வேறு நல்ல காரணங்கள் இரண்டு மூன்று உண்டு. அவை உங்களுக்கு இருக்கின்றனவா என்பதுதான் விஷயம்.

## எதையும் வாங்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் உரசுகிற இடத்தில், ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் ஒரு சாக்கெட் இருக்கும். அதுதான் ஓபிடி போர்ட், காரின் கோளாறுகளைப் படிக்கிற வாசல். மொத்தம் பதினாறு குழி. அகலமான பக்கம் மேலே இருக்கும்படி வைத்துப் பார்த்தால் மேல் வரிசை இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழ் வரிசை 9 முதல் 16.

எல்லாக் குழியிலும் உலோகம் இருக்காது. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்பதிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும். 16இல் பேட்டரியின் பிளஸ். சாவியைக் கழற்றினாலும் அங்கே 12 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும் (இதை நினைவில் வையுங்கள், பிறகு வேலைக்கு வரும்). 4, 5 இரண்டும் எர்த். 6இலும் 14இலும் உலோகம் மின்னினால் கார் கேன் பேசுகிறது (காரின் கணினிப் பெட்டிகள் பேசிக்கொள்ளும் மொழி). அவை காலியாக இருந்து 7இல் மட்டும் இருந்தால் அது கே-லைன், அதைவிடப் பழைய மொழி. மூன்றும் இருந்தால் இன்ஜின் அநேகமாக கேனில்தான் பேசும். 7 வேறு ஏதாவது பெட்டிக்காக இருக்கலாம். 2, 10 இரண்டும் பழைய அமெரிக்கக் கார்களின் சங்கதி, நம் ஊரில் பார்ப்பது அபூர்வம்.

கே-லைன் என்பது ஒற்றைக் கம்பி. விநாடிக்கு 10,400 பிட். கேன் இரட்டைக் கம்பி, பெரும்பாலான கார்களில் விநாடிக்கு 5,00,000 பிட். அமெரிக்காவில் 1996 மாடலில் இருந்தே ஓபிடி-2 கட்டாயம், 2008இலிருந்து கேன் மட்டும்தான். இங்கே பிஎஸ்-4 புகைக் கட்டுப்பாட்டு விதிகளோடு சேர்ந்து 2010 ஏப்ரலில் ஓபிடியின் முதல் கட்டம் வந்தது, 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம். அதனால் உங்கள் கார் 2013க்குப் பிறகு வந்தது என்றால் பெரிய தலைவலி இல்லை. 2010க்கு முந்தையது என்றால் போர்ட் இருக்கலாம், ஆனால் உள்ளே கம்பெனியின் சொந்த பாஷை ஓடலாம். அப்படிப்பட்ட காரை இந்தக் கட்டுரையில் உள்ள எந்தச் சாதனமும் அநேகமாகப் படிக்காது. அதற்கு அந்தக் கம்பெனியின் ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக்தான் கதி.

## எதை வைத்து எடை போடுவது

காரின் மொழி முதல் அளவுகோல், அதைப் பார்த்தாயிற்று. அடுத்தது, உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

ஓர் உதாரணம். பி0171 என்ற கோட் (கோளாறைக் குறிக்கும் எண்) வருகிறது என்று வையுங்கள். "கலவையில் பெட்ரோல் குறைவு" என்று அர்த்தம். கோட் அவ்வளவுதான் சொல்லும், காரணம் சொல்லாது. இதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. சில ஆயிரம் போய்விடும், விளக்கு திரும்ப எரியும். ஆனால் ஃபியூல் டிரிம் (கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது) என்ற அளவை இன்ஜின் ஓடும்போதே பார்த்தால் கதை மாறும். ஐடிலில் டிரிம் +20 சதவீதம், 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் +5க்கு இறங்குகிறது என்றால் எங்கேயோ காற்றுக் குழாய் விரிசல் விட்டிருக்கிறது. ஐடிலில் ஏறக்குறைய சரி, மேடேறும்போது மட்டும் எகிறுகிறது என்றால் பெட்ரோல் பம்ப்பையோ ஃபில்டரையோ சந்தேகப்பட வேண்டும். என் விஷயத்தில் அது ஒரு சின்ன ரப்பர் ஹோஸ். கையால் தடவியபோதுதான் விரிசல் தட்டுப்பட்டது.

ஆக, கோட் படித்து அழிப்பது ஒரு தேவை. ஓடும்போது அளவுகளைப் பார்ப்பது இன்னொன்று. தினமும் மணிக்கணக்கில் பதிந்து வைத்து, "போன மாதம் கூலன்ட் 92 டிகிரியில் நின்றது, இந்த மாதம் 98க்குப் போகிறதே" என்று ஒப்பிடுவது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே கருவி பொருந்தாது.

மீதி அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? கருவி காரிலேயே செருகி இருக்கப் போகிறதா, வேலை முடிந்ததும் கழற்றுவீர்களா? தப்பு நடந்தால் எது கெடும், ஐநூறு ரூபாய்ச் சாமானா, காரா?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு அட்டவணை (கடைசி இரண்டும் நாமே கட்டுவது; ஈஎஸ்பி32 என்பது நாம் நிரல் எழுதி ஓட்டும் சின்னச் சில்). விலைகள் தோராயம், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு விலை, ஆன்லைனில் ஒரு விலை.

| | மலிவு டாங்கிள் | நல்ல டாங்கிள் | கே-லைன் கேபிள் | ஈஎஸ்பி32 பெட்டி |
|---|---|---|---|---|
| பணம் | ரூ.400–900 | பத்தாயிரத்தை ஒட்டி | ரூ.700–1,200 | ரூ.1,000–1,500 |
| நேரம் | பத்து நிமிடம் | பத்து நிமிடம் | இரண்டு ஞாயிறு | ஆறேழு ஞாயிறு |
| கே-லைன் கார் | அதிர்ஷ்டம் இருந்தால் | சரி | சரி | முடியாது |
| கேன் கார் | சரி | சரி | முடியாது | சரி |
| நாள்கணக்கில் பதிவு | சுமார் | போன் இருந்தால் | லேப்டாப் இருந்தால் | இதற்காகவே பிறந்தது |
| செருகியே வைக்க | கூடாது | வைக்கலாம் | கூடாது | தூங்கவைத்தால் வைக்கலாம் |
| கார் குழம்பும் அபாயம் | குறைவு | மிகக் குறைவு | குறைவு | உங்கள் கையில் |

## மலிவு டாங்கிள்

நீலமோ கறுப்போ ஒரு சின்ன டப்பா. மேலே இஎல்எம்327 என்று எழுதியிருக்கும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்கள் கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ். காரின் பல மொழிகளையும் எளிய எழுத்துக் கட்டளைகளாக மாற்றித் தரும் சில்லைச் செய்தவர்கள். முதல் பதிப்பில் நிரலைப் பூட்டாமல் விட்டுவிட்டார்கள். யாரோ நகலெடுத்தார்கள், நகலுக்கு நகல் வந்தது, உலகமே அதில் நிறைந்துவிட்டது. 2022இல் அந்த நிறுவனம் கடையையே மூடிவிட்டது. இப்போது இந்த விலைக்குக் கிடைப்பதெல்லாம் நகல்தான்.

டப்பா கைக்கு வந்ததும் போனில் ஏதாவது டெர்மினல் ஆப்பில் ஏடிஐ (ATI) என்று கட்டளை கொடுத்துப் பாருங்கள், பதிப்பு எண் சொல்லும். பல டப்பாக்கள் 1.5 என்று பதில் சொல்லும். எல்ம் நிறுவனம் 1.5 என்று ஒன்றை வெளியிட்டதே இல்லை, 1.4க்குப் பிறகு நேராக 2.0 போனார்கள். ஊரில் இல்லாத தெருவின் முகவரியை அச்சிட்ட விசிட்டிங் கார்டு மாதிரி. வேடிக்கை என்னவென்றால், இந்த இல்லாத 1.5 பல சமயம் நன்றாகவே வேலை செய்யும். 2.1 என்று சொல்லிக்கொள்கிற டப்பாக்கள் சிலதில்தான் பாதிக் கட்டளைக்குக் கேள்விக்குறி மட்டும் பதிலாக வரும்.

கேன் பேசும் கார், ஆண்ட்ராய்டு போன், கோட் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் வேறெதையும் யோசிக்காதீர்கள், இதை வாங்குங்கள். டார்க் (Torque) போன்ற ஆப்பைப் போட்டால் பத்து நிமிடத்தில் கூலன்ட் சூடு, ஆர்பிஎம், ஃபியூல் டிரிம் எல்லாம் ஓடும். ஐபோன்காரர்கள் கவனம்: சாதாரண ப்ளூடூத் டப்பா அதில் இணையாது. வைஃபை அல்லது ப்ளூடூத் எல்ஈ என்று போட்டிருப்பதைத் தேட வேண்டும்.

இதில் மறைந்திருக்கிற செலவு பேட்டரி. 16ஆம் முனையில் எப்போதும் மின்சாரம் என்று சொன்னேன் அல்லவா? டப்பா தூங்காது. சுமார் 40 மில்லிஆம்பியர் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-மணி. சின்னக் கார்களின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. காரின் கடிகாரம், பூட்டு இவையும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் எடுக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு பதினெட்டு நாள் கழித்து வந்து சாவியைத் திருப்பினேன். டிக் என்றுகூடச் சத்தம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஜம்பர் கேபிள் தந்தார்; அந்தப் பேட்டரி அதன் பிறகு ஆறு மாதம்தான் தாங்கியது. ஐநூறு ரூபாய் டப்பா எனக்கு ஆனது நான்காயிரத்துச் சொச்சம்.

இன்னொன்று, இது எந்தக் கருவிக்கும் பொருந்தும். கோட் தெரிந்ததும் ஆப்பில் "அழி" பொத்தானை அமுக்கக் கை பரபரக்கும். அமுக்காதீர்கள். நான் அப்படி அழித்துவிட்டு வண்டியைக் கொண்டுபோனபோது மெக்கானிக் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "கோட்ட ஏன் தம்பி அழிச்சீங்க? அது எந்த ஸ்பீடுல, எந்த சூட்டுல வந்துச்சுன்னு உள்ள எழுதி வச்சிருக்கும். அதையும் சேத்துத் துடைச்சிட்டீங்களே." கோட் விழுந்த கணத்தின் அளவுகளை இசியூ, அதாவது இன்ஜின் கணினி, ஃப்ரீஸ் ஃபிரேம் என்று எடுத்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். இசியூ தன் சுயபரிசோதனைகளையும் முதலில் இருந்து தொடங்கும். முதலில் ஸ்கிரீன்ஷாட், அப்புறம் மற்றது.

## நல்ல டாங்கிள்

ஓபிடிலிங்க் மாதிரியான சாதனங்களைச் சொல்கிறேன். உள்ளே எஸ்டிஎன் வரிசைச் சில். எல்ம் கட்டளைகள் எல்லாம் தெரியும், கூடுதலாகச் சொந்தக் கட்டளைகளும் உண்டு. கே-லைன், கேன் இரண்டிலும் சொன்னபடி நடக்கும். இன்ஜின் நின்ற பிறகு தானாகத் தூங்கிவிடும். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வேலை செய்யும். அதற்குத்தான் காசு.

யாருக்குத் தேவை? வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கார், அதில் ஒன்று பழசு என்றால் யோசிக்கலாம். இன்னொரு கூட்டம் நம் ஊரில் கணிசமாக உண்டு: மறைமலை நகர் ஆலையில் செய்த ஃபோர்டு வைத்திருப்பவர்கள். 2021இல் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு இந்தக் கார்களைச் சொந்தமாகப் பராமரிப்பவர்கள் அதிகம். பல ஃபோர்டு கார்களில் 3ஆம் 11ஆம் முனைகளில் இரண்டாவதாக, மெதுவான ஒரு கேன் வலை ஓடுகிறது. கதவுப் பூட்டு, மீட்டர் கிளஸ்டர் போன்றவை அதில்தான் பேசும். ஃபோர்டு கார்களுக்கான ஃபோர்ஸ்கேன் மென்பொருளைக் கொண்டு அதையும் தொட வேண்டுமானால் இரண்டு வலைக்கும் மாறத் தெரிந்த டாங்கிள் வேண்டும். ஓபிடிலிங்கின் எம்எக்ஸ் பிளஸ் தானே மாறிக்கொள்ளும். மலிவு டப்பாவில் ஒரு சுவிட்ச் வைத்து விற்கிறார்கள், அதுவும் ஓடுகிறது என்பவர்கள் உண்டு. ஆனால் மாட்யூலில் (காரின் கணினிப் பெட்டியில்) எதையாவது எழுதப் போகிறீர்கள் என்றால் பாதியில் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பத்தாயிரம் அதிகமாகத் தெரியாது.

வருடத்துக்கு ஒருமுறை கோட் பார்க்க மட்டும் இதை வாங்குவது வீண். அதற்கு மெக்கானிக்கிடம் முந்நூறோ ஐநூறோ கொடுத்து ஸ்கேன் போட்டுக்கொள்ளலாம். கூடவே அவர் அனுபவமும் கிடைக்கும்.

## கே-லைன் கேபிள்: பழைய காருக்கான கைவேலை

கட்டுவதற்கு உண்மையான நியாயம் இருக்கிற இடம் இது. 7ஆம் முனை மட்டும் உள்ள கார், மலிவு டாங்கிளை வைத்தால் "இணைக்க முடியவில்லை" என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, பத்தாயிரம் போட மனமில்லை. என் 2009 ஹேட்ச்பேக் அந்த ரகம்.

சாமான் கொஞ்சம்தான். எல்9637டி என்ற எட்டுக்கால் சில், லேப்டாப்போடு இணைக்க எஃப்டிடிஐ யூஎஸ்பி பலகை ஒன்று, ஓபிடி ஆண் பிளக், ஃபியூஸ், ஒரு 510 ஓம் ரெசிஸ்டர். சில் செய்வது எளிய வேலை: காரின் 12 வோல்ட் ஒற்றைக் கம்பியை லேப்டாப் பக்கத்து 5 வோல்ட் போக-வர இரண்டு கம்பிகளாகப் பிரித்துத் தருகிறது. அந்த 510 ஓம் கே-லைனை 12 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்து வைக்கும். கடையில் கேட்டால் கால் வாட் ரெசிஸ்டரைத்தான் எடுத்துத் தருவார்கள். இன்ஜின் ஓடும்போது 14.4 வோல்ட், கம்பி கீழே இழுக்கப்படும் நேரத்தில் 0.4 வாட். அரை வாட் என்று கேட்டு வாங்குங்கள்.

சுற்று ஒரு மாலையில் முடிந்துவிட்டது. பேசவைக்கத்தான் இரண்டு வாரம். பழைய வகைக் கே-லைனில் இசியூவை எழுப்புகிற முறை பழங்காலத்துக் கதவைத் தட்டுவது போல. பதினாறடிமானத்தில் 33 என்ற முகவரியை விநாடிக்கு 5 பிட் என்ற ஆமை வேகத்தில் அனுப்ப வேண்டும். அதற்கே இரண்டு விநாடி. உடனே இசியூ விழித்து 10,400 வேகத்தில் 55 என்றும், அடுத்து இரண்டு பைட்டும் சொல்லும். அந்த இரண்டாவது பைட்டின் பிட்களை மாற்றி (0 என்றால் 1, 1 என்றால் 0) 25 முதல் 50 மில்லிவிநாடிக்குள் நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு.

என் நிரல் மூன்று தடவைக்கு ஒரு தடவை மட்டும் வெற்றி பெற்றது. கம்பியைச் சந்தேகப்பட்டேன், சால்டரைச் சந்தேகப்பட்டேன், எல்லாவற்றையும் மறுபடி பற்றவைத்தேன். காரணம் வேறு. எஃப்டிடிஐ பலகை வந்த பைட்டுகளை உடனே லேப்டாப்புக்குக் கொடுக்காது, 16 மில்லிவிநாடி வரை சேர்த்துவைத்துக் கொடுக்கும். 25க்கும் 50க்கும் நடுவே இருக்கிற சந்தில் இந்த 16 போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் லேட்டன்சி டைமரை 1 என்று மாற்றினேன். அதன் பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. ஒற்றைக் கம்பி என்பதால் நாம் அனுப்பியதே நமக்குத் திரும்ப வரும். அதைப் பதில் என்று எண்ணி ஏமாறாமல் தள்ளிவிட வேண்டும். ஐந்து விநாடி நாம் பேசாமல் இருந்தால் இசியூ தூங்கிவிடும், மறுபடி கதவைத் தட்ட வேண்டும். இந்த இரண்டும் தெரிந்தவருக்கு மற்றதெல்லாம் எளிது. 01 05 என்று கேட்டால் பதிலில் 41 05 82 என்று வரும். 82 என்பது பத்தடிமானத்தில் 130, அதில் 40 கழித்தால் 90. கூலன்ட் 90 டிகிரி. முதல் முறை அந்த 90 லேப்டாப் திரையில் வந்தபோது பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். விநாடிக்கு ஐந்தாறு அளவுகள்தான் வரும். ஓடும் காரில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். ஓட்டுபவரின் காலுக்கிடையே கேபிள் தொங்கக்கூடாது. பெடலில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எதிர்காலத்தில் கேன் கார் வாங்கினால் இந்தக் கேபிளைப் பரணில் போட வேண்டியதுதான்.

## ஈஎஸ்பி32 பெட்டி: கேன் காருக்கான கைவேலை

கேன் காருக்கு ஐநூறு ரூபாய் டாங்கிளே சரியாக வேலை செய்யும்போது எதற்காகக் கட்ட வேண்டும்? எனக்கிருந்த காரணம் ஒன்றுதான்: போனைத் தொடாமல், சாவி போட்டதும் தானே விழித்து, எல்லாவற்றையும் மெமரி கார்டில் எழுதி, வண்டி நின்றதும் தானே தூங்குகிற ஒன்று வேண்டும். கடையில் அது இந்த விலைக்கு இல்லை. உங்களுக்கு இந்த மாதிரித் தேவை இல்லையென்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

முதலில் ஆர்டுயினோ என்ற சின்ன நிரல் பலகையும், கேன் பேசும் எம்சிபி2515 பலகையும் வைத்துத் தொடங்கினேன். அதில்தான் என் பெரிய சறுக்கல். அந்த மலிவுப் பலகைகளில் இருக்கிற கிரிஸ்டல் பெரும்பாலும் 8 மெகாஹெர்ட்ஸ். உதாரண நிரல்கள் பலவற்றில் 16 என்று இருக்கும். நான் பார்க்கவில்லை. விளைவு, 500 கிலோபிட் வலையில் என் பெட்டி 250இல் காது கொடுத்தது. கேனில் ஒரு குணம் உண்டு: கேட்டது புரியாத உறுப்பினர் சும்மா இருக்கமாட்டார், "தப்பு, தப்பு" என்று கத்தி அந்தச் செய்தியையே கலைத்துவிடுவார். சாவியைத் திருப்பினேன். ஏபிஎஸ் விளக்கு, பவர் ஸ்டீயரிங் விளக்கு இரண்டும் ஒன்றாக எரிந்தன. வயிறு கலங்கிவிட்டது. பிளக்கை உருவி, சாவியை அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. அது வீட்டு வாசலில் நின்ற வண்டி. ஓஎம்ஆரில் எண்பதில் போய்க்கொண்டிருக்கும்போது நடந்திருந்தால்?

அதனால் கட்டுகிறவர்களுக்கு ஒரு கண்டிப்பு: முதல் நாள் "கேட்க மட்டும்" முறையில் இயக்குங்கள். எம்சிபி2515இலும் ஈஎஸ்பி32இலும் அந்த வசதி உண்டு. அதில் பெட்டி வலையில் வாயே திறக்காது. செய்திகள் சுத்தமாக வருகின்றன என்று பார்த்த பிறகு பேச விடுங்கள். பேசும்போதும் 01, 02, 03, 09 என்ற நான்கு வகைக் கேள்விகளைத் தாண்டாதீர்கள். அவை படிப்பதற்கு மட்டும்.

இரண்டாவது பொறி ஒரு ரெசிஸ்டர். கேன் வலையின் இரு முனையிலும் 120 ஓம் ஒன்று இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு 6க்கும் 14க்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் காட்டும். நாம் வாங்குகிற பலகையிலும் 120 ஓம் ஒன்று ஒட்டியே வரும். மேசைமேல் சோதிக்க அது வேண்டும், காரில் செருகும்போது கூடாது. செருகினால் 40 ஓம் ஆகிவிடும். சில பலகையில் ஜம்பரைக் கழற்றினால் போதும், சிலதில் சால்டரை உருக்கி எடுக்க வேண்டும். எந்தக் கம்பியையும் மாட்டும் முன் இந்த அளவைப் பார்ப்பது வழக்கமாக இருக்கட்டும்.

பிறகு ஈஎஸ்பி32க்கு மாறினேன். அதற்குள்ளேயே கேன் கட்டுப்பாட்டுப் பகுதி இருப்பதால் வெளியே கேன் கம்பிகளோடு இணைக்க ஒரு எஸ்என்65எச்விடி230 பலகை மட்டும் போதும், அது 3.3 வோல்ட்டில் ஓடும். ஆர்டுயினோவோடு வாங்கிய டிஜேஏ1050 பலகை 5 வோல்ட்காரர். அதன் வெளியீட்டை ஈஎஸ்பி32இல் நேராகக் கொடுத்தால் முனை போய்விடலாம்.

நிரலில் ஒரு வேடிக்கை நடந்தது. கோட் படிக்கும் பகுதி மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. திடீரென்று ஒருநாள் அரைகுறையாக உளறியது. காரணம், அன்று காரில் மூன்று கோட் இருந்தது. ஒரு கேன் செய்தியில் இரண்டு கோட் வரைதான் அடங்கும். மூன்றாவது வந்தால் இசியூ முதல் துண்டை மட்டும் அனுப்பிவிட்டு, "மீதியை அனுப்பலாம்" என்று நாம் 30 00 00 சொல்லும் வரை காத்திருக்கும். நான் சொல்லவே இல்லை. ஐநூறு ரூபாய் டப்பாவுக்கு இதெல்லாம் பிறவியிலேயே தெரியும்.

மின்சாரம்தான் கடைசித் தொல்லை. 16ஆம் முனையில் இருந்து எடுக்கும் கம்பியில் முதல் வேலையாக 1 ஆம்பியர் ஃபியூஸ். பெட்டிக்குள் ஷார்ட் ஆனால் அது போகட்டும், காரின் ஃபியூஸ் போகக்கூடாது. காரின் 12 வோல்ட் எப்போதும் 12 அல்ல: ஸ்டார்ட் பண்ணும்போது எட்டு ஒன்பதுக்கு விழும், ஓடும்போது 14ஐத் தாண்டும், நடுநடுவே பல பத்து வோல்ட் ஊசிமுனைத் தாவல்கள் வரும். அந்தத் தாவல்களை விழுங்க ஒரு டிவிஎஸ் டயோடு, பிறகு வோல்ட்டைக் குறைத்துத் தரும் பக் கன்வெர்ட்டர். தூக்கத்துக்கு நான் வைத்த விதி எளியது: 13.2 வோல்ட்டுக்குக் கீழே ஐந்து நிமிடம் இருந்தால் ஆல்டர்னேட்டர் ஓடவில்லை, படு. ஆனால் ஈஎஸ்பி32 படுத்தாலும் பலகையின் மற்ற சில்லுகள் விழித்திருக்கும். மீட்டர் வைத்து அளந்து, தேவையில்லாத எல்இடியைப் பிடுங்கி, கன்வெர்ட்டரை மாற்றிய பிறகுதான் ஊருக்குப் போகத் தைரியம் வந்தது.

சாமான் ஆயிரத்து இருநூறு ஆனது. எரிந்துபோன பலகை, தப்பாக வாங்கிய கன்வெர்ட்டர், கூரியர் எல்லாம் சேர்த்தால் மூவாயிரம். மல்டிமீட்டரும் சால்டரிங் அயனும் ஏற்கெனவே இருந்ததால் அவற்றைச் சேர்க்கவில்லை.

## அப்போ யாருக்கு எது

கார் 2013க்குப் பிந்தையது, விளக்கு எரிகிறது, என்ன என்று தெரிய வேண்டும்: மலிவு டாங்கிள். பார்த்து முடித்ததும் கழற்றி டேஷ்போர்டு அறையில் போடுங்கள். பழைய செகண்ட்ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்களும் இதையே பையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் டாங்கிள் இணையவில்லை என்பதற்காக காரைக் குறை சொல்லாதீர்கள், அது கே-லைனாக இருக்கலாம்.

வீட்டில் இரண்டு மூன்று கார், ஃபோர்டு, அல்லது கார் வேலையே உங்கள் பொழுதுபோக்கு என்றால் நல்ல டாங்கிளை ஒருமுறை வாங்கி வைத்துவிடலாம். 7ஆம் முனை மட்டும் உள்ள பழைய காரை இன்னும் சில வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், லேப்டாப் உண்டு, சால்டரிங் வரும் என்றால் கேபிளைக் கட்டுங்கள். சால்டரிங் வராது என்றால் கேகேஎல் என்ற பெயரில் ரெடிமேடாகக் கிடைக்கிற யூஎஸ்பி கேபிளும் அதே சுற்றுதான். அதை வாங்கி, லேட்டன்சி டைமரை மட்டும் மறக்காமல் மாற்றுங்கள்.

ஈஎஸ்பி32 பெட்டியை, அதைக் கட்டுகிற வேலையே பிடித்தவர்கள் கட்டலாம். வாரன்ட்டியில் இருக்கிற புதுக் காரில் வேண்டாம். ஏதாவது கோட் விழுந்து சர்வீஸ் சென்டரில் வாக்குவாதம் ஆனால் உங்கள் கையால் ஒட்டிய பலகை உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

என் வீட்டு நிலவரம் இதுதான். 2009 காருக்குக் கேபிள், பரண்மேல் இல்லை, டிக்கியில் இருக்கிறது. கேன் காரில் பெட்டி ஓடுகிறது. ஐநூறு ரூபாய் டப்பா இப்போது என் தங்கை வீட்டில். அவள் கார் விளக்கு எரிந்தால் போன் வருகிறது. "அண்ணா, பி0420ன்னு போட்டிருக்கு, அழிச்சிரவா?"